தப்பான எடத்துல சிரிச்சவ

வாம்மா, வா. செருப்பை உள்ளயே கழட்டு, வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் நொண்டி. இப்படி பியானோவுக்குப் பக்கத்துல உக்காரு. போட்டோ எடுத்தா அதுவும் சேர்ந்து விழும்ல.

காலேஜ் ரேடியோவுலேர்ந்துதானே? போன்ல சொன்னே. பழைய ரேடியோக்காரங்களையெல்லாம் கூப்பிட்டு விழா, மேடை, மாலை மரியாதை. ஒண்ணு சொல்லிடறேன், எனக்குச் சம்பங்கி ஆகாது, தும்மல் வந்துடும். ரோசாப்பூ மாலையாச் சொல்லிடு.

என்னது, என் வீட்டம்மாவா? இருக்கா, அடுப்படியில இருக்கா. காபி கொண்டு வருவா. அவளைப் பார்க்கணுமா? அது சரி, ஒரு வீட்டுக்கு வந்தா பொம்பளைங்களையும் விசாரிக்கிறதுதான் முறை. உன்னை நல்லா வளர்த்திருக்காங்க. பிரகாசி! ரெண்டு காபி, எனக்குச் சர்க்கரையைக் குறைச்சிடாதே!

போனை வச்சுட்டியா? இதுவே பேச்சைப் பிடிச்சுக்குமா? ஆகட்டும். அந்தக் காலத்துல ஒரு மைக்குன்னா அதுக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு உதவி ஆள். சரி, எழுதிக்க. என் பேரு இன்னாசிமுத்து. பியானோ இன்னாசின்னா திருச்சி ஜில்லாவுல தெரியாத ஆள் கிடையாது. இப்ப இருக்கிற பசங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவனெல்லாம் செத்துப் போயிட்டான், அதுக்கு நான் என்ன பண்றது?

எங்கப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்புல மேஸ்திரி. நான் மாதா கோயில்ல ஆர்மோனியம் வாசிச்சுக்கிட்டு இருந்தவன். சனிக்கிழமையானா ரயில்வே இன்ஸ்டிடியூட்டுல சட்டைக்காரங்க, அதான் ஆங்கிலோ இந்தியருங்க, டான்ஸ் நடக்கும். டிக்ரூஸ் துரைன்னு ஒருத்தர் பியானோ வாசிப்பாரு. நான் ஜன்னலுக்கு வெளிய நின்னே முக்கால்வாசி கத்துக்கிட்டேன். மீதி கால்வாசியை அவரு கத்துக் கொடுத்து, அங்கயே வாசிக்கவும் விட்டாரு. அப்புறம் அவங்கள்லாம் ஒவ்வொருத்தரா ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினாங்க. துரை போகும்போது இந்தப் பியானோப் பெட்டியை என் தலையில கட்டிட்டுப் போனாரு. "இன்னாசி, நீ பேசாம வாசி, நல்லா வருவே"ன்னாரு. பேசிக்கிட்டே வாசிச்சா இன்னும் நல்லா வருமேன்னு எனக்குத் தோணிச்சு. அதுதான்மா கற்பனைங்கிறது.

அப்படித்தான் ரேடியோவுல "பியானோவும் பேச்சும்" வந்துச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஊரே கறிச்சோறு தின்னுட்டுப் படுத்திருக்கிற நேரம். கொஞ்சம் வாசிப்பேன், ஒரு ஜோக்கு, மறுபடியும் வாசிப்பேன், ஒரு ஜோக்கு. அப்ப பஞ்சாபகேசன்னு ஒரு நிகழ்ச்சி அதிகாரி, திருவையாத்துக்காரரு, நல்ல மனுசன். ஆனா ரசனை கொஞ்சம் கம்மி. அதை எழுதாதே, காலமாயிட்டாரு.

மொத வாரம் போய் உக்காந்தேன். ஸ்டுடியோன்னா உனக்குத் தெரியும்ல? சுவரெல்லாம் மெத்தை வச்சுத் தச்ச மாதிரி இருக்கும். உள்ள நான், பியானோ, மைக்கு, அவ்வளவுதான். இன்ஸ்டிடியூட்டுல நான் ஒரு ஜோக்கு சொன்னா நூறு பேரு கையைத் தட்டுவான், பாதிப் பேரு குடிச்சிருப்பான்னு வையேன். இங்க ஜோக்கைச் சொல்லிட்டு நிறுத்தறேன், சத்தமே இல்லை. கிணத்துல கல்லைப் போட்டாலாவது ஒரு டொபுக்கு கேக்கும். சுவரு அப்படியே முழுங்கிடுச்சு. பஞ்சாபகேசன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு மூக்குப்பொடி போட்டுக்கிட்டு இருக்காரு.

"ஓய் இன்னாசி, சிரிக்க ஒரு ஆள் வேணும் ஓய். கேக்கறவாளுக்கு எங்கே சிரிக்கணும்னு தெரியலை"ன்னாரு. சரின்னு ஏகாம்பரத்தைக் கூட்டிட்டு வந்தாங்க. நாடகக்காரரு. ஊரு ஊராப் போய் இரணியன் வேஷம் கட்டினவரு. என் காலடியில உக்காருவாரு, நான் பெடலை மிதிச்சா "ஹா! ஹா! ஹா!"ம்பாரு. கரெக்டா அந்த எடத்துல விழும், நூல் பிடிச்ச மாதிரி. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஆனா ரேடியோ கேட்ட குழந்தைங்க அழுவுதுன்னு நாலு பக்கமிருந்தும் புகார். ஏகாம்பரம் போயிட்டாரு.

அப்ப நிலையத்துல ஒரு வித்வான் இருந்தாரு. பேரு வேண்டாம். என்னைப் பார்க்கிற போதெல்லாம், "உம்ம பெட்டியிலே கமகம் வராதே, ஸ்வரம் அசையாதே, இது என்ன சங்கீதம்?"னு குத்துவாரு. ஒருநாள் எனக்கு ரோசம் வந்துடுச்சு. வாங்க, உக்காருங்க, கேளுங்கன்னு சொல்லிட்டு ஒரு தோடியை எடுத்தேன். கட்டை அசையலைன்னா என்ன, நான் அசைஞ்சேன்! இடுப்புலேர்ந்து தலை வரைக்கும் அசைச்சு, ஸ்டூலோட சேர்த்து ஆட்டி வாசிச்சேன். கமகம் வந்துச்சும்மா. வந்துச்சுன்னா வந்துச்சு. ஸ்டூலும் கூடவே கிறீச், கிறீச்சுன்னுச்சு. வித்வானுக்குக் கண்ணுல தண்ணி.

அப்பத்தான் கதவுக்கு வெளிய ஒரு சிரிப்பு கேட்டுச்சு.

எப்படிச் சொல்றது... அது மாதிரி ஒரு சிரிப்பை நீ கேட்டிருக்க மாட்டே. மொதல்ல அடக்கிப் பார்ப்பா. மூக்கு வழியா ஒரு புஸ்ஸு வரும். அப்புறம் ஒண்ணு பிச்சுக்கும், அதுக்கப்புறம் கோழிக்கூடையைத் திறந்து விட்ட மாதிரிதான். பஞ்சாபகேசன் ஓடிப் போய்க் கதவைத் திறந்தாரு. கிறிஸ்மஸ் நிகழ்ச்சியில கோரஸ் பாட வந்த பொண்ணுங்க வரிசையா நிக்குதுங்க. அதுல ஒண்ணு முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டுக் குலுங்குது. அதுதான் பிரகாசி.

ஆமாம்மா, இந்தப் பிரகாசிதான். காபி போடுறவளேதான். பொறு, அதுக்குத்தானே வர்றேன்.

சர்க்கார் காரியம்ல, சும்மா எடுத்துட முடியுமா? சிரிக்கிறதுக்கு ஒரு பதவியே கிடையாது. நாடகக் கலைஞர்னு போடணும்னா குரல் தேர்வு நடத்தணும். மூணு பெரியவங்க, நெத்தி நிறைய விபூதி, முகத்துல துளி சிரிப்பில்லை. "ம், சிரியம்மா"ங்கிறாங்க. பிரகாசி நிக்கிறா, வியர்க்குது, வர மாட்டேங்குது. நடுவுல இருந்தவரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு மாட்டிக்கிட்டு, "கீழ் ஸ்தாயியிலே ஒரு தரம் ஆரம்பிச்சுப் பாரம்மா"ன்னாரு. அவ்வளவுதான். புஸ்ஸுன்னா பாரு! தேர்வு முடிஞ்சு வெளிய கொண்டாந்து தண்ணி தெளிச்சோம். மூணு பேரும் பாஸ் போட்டுட்டாங்க.

அதுலேர்ந்து நிகழ்ச்சி பிச்சுக்கிட்டுப் போச்சு. பார்க்குல கம்பத்து ரேடியோவுக்குக் கீழ கூட்டம் கூடும். சலூன்ல பாதி சவரத்தோட உக்காந்திருப்பான், கத்தி நின்னுடும். எல்லாம் எதுக்கு? என் கைக்கும் வாய்க்கும்தான். ஆனா ஒரு குறை இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். இவளுக்குச் சிரிக்கத் தெரியும், எங்க சிரிக்கணும்னு தெரியாது.

மாமியாரை ரயிலேத்தப் போனவன் கதை ஒண்ணு வச்சிருந்தேன். அருமையான ஜோக்கு. ரயிலு கிளம்பற வரைக்கும் இழுத்து, கடைசியில மாமியாரு பிளாட்பாரத்துல நிக்கிறா, மருமகன் ரயில்ல போறான்னு முடிப்பேன். முடிச்சிட்டு ஒரு பெரிய இடைவெளி விட்டேன், சிரிக்கிறதுக்கு. இவ என்னடான்னா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா. நான் கண்ணைக் காட்டறேன், பெடலை மிதிக்கிறேன். ம்ஹூம். அந்த அமைதியில என் வயிறு "கடமுட"ன்னுச்சு பாரு. காலையில பூசைக்குப் போயிட்டு வெறும் வயித்தோட வந்திருந்தேன். மைக்கு பக்கத்துலயே இருந்துச்சு. இவ வெடிச்சுட்டா! ஜில்லா பூராவும் வெடிச்சுடுச்சு! பத்து வருசங்கழிச்சும் ஒருத்தன் மலைக்கோட்டை வாசல்ல என்னை நிறுத்தி, "சார், அந்த வயிறு..."ன்னான்.

நான் அதைப் பத்தி நிறைய யோசிச்சேன். என் ஜோக்கு கொஞ்சம் ஆழமான ஜோக்கு. உள்ள போய் வேலை செய்ய நேரம் எடுக்கும். வயிறு சத்தம் போட்ட நேரமும் ஜோக்கு புரிஞ்ச நேரமும் ஒண்ணாப் போச்சு, அவ்வளவுதான் விசயம். இதைப் பஞ்சாபகேசன்கிட்டயும் விளக்கினேன். அவரு நல்லா ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கிட்டாரு.

எப்பவுமே இப்படித்தான். நான் தொண்டையைக் கனைச்சு "பெரியோர்களே"ன்னு ஆரம்பிச்சா சிரிப்பா. துரை எனக்குச் சொன்ன புத்திமதியை உருக்கமாச் சொல்லும்போது சிரிச்சா. ஜோக்கு சொன்னா மட்டும் அப்படியே பார்த்துக்கிட்டு இருப்பா. கேட்டா, "நான் என்னங்க பண்றது, தானா வருது"ம்பா. நேயருங்க எழுதுவாங்க, சிரிப்பு பிரமாதம், சிரிப்புக்காகவே கேக்கிறோம்னு. பார்த்துக்க. சிரிப்பு பிரமாதம்னா சிரிக்க வச்சவன் யாரு? பானை பொங்கினா அடுப்புக்குத்தானே பெருமை!

அப்புறம் நான் யோசிச்சேன். இப்படி ரசிக்கிற பொண்ணை வேற எவனாவது கட்டிட்டுப் போயிட்டா என் கதி என்ன ஆவுறது? அவங்க அப்பாகிட்டப் போய்க் கேட்டேன். கோயில்ல மூணு வாரம் கல்யாண ஓலை வாசிச்சுக் கல்யாணம் ஆச்சு. சாமியாரு "இன்பத்திலும் துன்பத்திலும்"னு சொல்லச் சொன்னாரு, நான் நல்லா ரேடியோக் குரல்ல ஏத்த இறக்கத்தோட சொன்னேன். பின்னாடி புஸ்ஸு. சேசு மரி சூசை! பீடத்துக்கு முன்னாடி! சாமியாருக்கே வாய் கோணிடுச்சு. அன்னைக்குத்தான்மா எனக்கு மொத மொதல்ல சுருக்குன்னுச்சு.

கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு ரேடியோவுல சிரிச்சா அது கலை. கல்யாணத்துக்கு அப்புறம் சிரிச்சா அது என் பொண்டாட்டி. வித்தியாசம் இருக்குல்ல? பூசை முடிஞ்சு வெளிய வந்தா, ஒர்க்‌ஷாப்பு ஆளுங்க, "என்ன இன்னாசி, போன வாரம் வீட்டம்மா சிரிப்பு பொன்மலை வரைக்கும் கேட்டுச்சே"ங்கிறான். சலூன்ல ஒருத்தன் அவளை மாதிரியே சிரிச்சுக் காட்டறான். என்னைப் பத்தி ஒருத்தன் வாயைத் திறக்கலை. அதாவது, என் குடும்ப மானத்தைப் பத்தி ஒருத்தனும் யோசிக்கலைங்கிறேன்.

நான் அடிக்கலை, திட்டலை. ஒரே ஒரு தடவை சொன்னேன். "பிரகாசி, சிரிச்சது போதும்." அவ சரிங்கன்னா. அதோட நிறுத்திட்டா. எவ்வளவு நல்ல பொம்பளை பாரு! இந்தக் காலத்துல யாரு கேப்பா?

ஏகாம்பரத்தை மறுபடியும் கூட்டிட்டு வந்தேன். இப்பத்தான் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. பெடல், ஹா ஹா ஹா. பெடல், ஹா ஹா ஹா. ஒரு சிரிப்பு எடம் மாறி விழலை. என் வாழ்நாள்லயே நான் உச்சத்துல வாசிச்ச காலம் அதுதான். அந்த ஐப்பசி மழை விடறதுக்குள்ள நிகழ்ச்சியை நிறுத்திட்டாங்க.

ஏன்னு கேளு. பொறாமை! அந்த வித்வான் உள்ளுக்குள்ள வேலை பார்த்துட்டாரு. இலங்கை ரேடியோ வேற சினிமாப் பாட்டாப் போட்டுக் கெடுத்துச்சு. கிரிக்கெட் வேற. டெலிவிசன் வேற. என்னது? அப்ப டெலிவிசன் வரலையா? வரப் போவுதுன்னு பேச்சு இருந்துச்சும்மா. பேச்சே போதாதா ஜனங்களுக்கு?

பஞ்சாபகேசன் வீட்டுக்கே வந்தாரு, மழையில குடை பிடிச்சுக்கிட்டு. இதோ நீ உக்காந்திருக்கியே, இந்த எடத்துல உக்காந்தாரு. "ஓய், அந்தம்மாவை அனுப்பும். உப்பில்லாம இலை போட்டுண்டு இருக்கோம்"ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! "சார், நிகழ்ச்சி என்னுதா, அவளுதா?"ன்னு கேட்டேன். பிரகாசி அந்த நிலைக்கிட்டக் காபியோட நின்னா. அவரு அவளைப் பார்த்தாரு, நானும் பார்த்தேன். அவ தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா. அவரு காபியைக் குடிச்சிட்டுக் குடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. ஒரு பெரிய மனுசனை அப்படி மடக்கினவன் நான் ஒருத்தன்தான்.

அதுக்கப்புறமும் என்னை விட்டாங்களா? விட மாட்டாங்க. நிலையத்துல எந்த இடைவெளி வந்தாலும் இன்னாசிதான். விவசாயப் பேச்சு சீக்கிரம் முடிஞ்சுடுச்சா, பேச வர்றவரு பஸ்ஸைத் தவற விட்டுட்டாரா, ஓடு, இன்னாசியைக் கூப்பிடு. ரிட்டையர் ஆவுற வரைக்கும் அடுத்த நிகழ்ச்சி தொடங்கற வரையில நான்தான் வாசிச்சேன். பேரு சொல்ல மாட்டாங்க. சொல்ல வேண்டியதில்லையே, கேட்டாலே தெரியும்.

எதுவும் பாக்கி இல்லைம்மா. டேப்பையெல்லாம் அழிச்சு அதுமேலயே அடுத்ததைப் பதிஞ்சுடுவாங்க, அதுதான் அப்ப வழக்கம். என் வாசிப்பு மேல உர மூட்டை விளம்பரமோ எதுவோ ஏறிப்போச்சு. அவ சிரிப்பும் போச்சு.

ஒண்ணு சொல்லட்டுமா? இதை அந்த மெசின்லேர்ந்து எடுத்துடு. இந்த வீட்டுல சிரிப்பே இல்லைம்மா. நானும் எத்தனையோ ஜோக்கு சொல்லிப் பார்த்துட்டேன். மாமியார் ஜோக்கைக் கிறிஸ்மஸ் தவறாமச் சொல்றேன். தலையாட்டுவா, "சாப்பிட வாங்க"ம்பா. ஏன்னே புரியலை. வயசாச்சு, வத்திப் போச்சு போலன்னு விட்டுட்டேன். ஆனா மனசு கிடந்து அடிச்சுக்குது. ஒரே ஒரு தடவை கேட்டுட்டுக் கண்ணை மூடினாத் தேவலைன்னு இருக்கு. சரி, விடு.

என்னம்மா? சொல்லு. தயங்காதே.

...அவளையா?

அவ சிரிப்பைப் பதியவா? விழாவுக்கு? மேடையில நாற்காலி அவளுக்கா? அப்ப எனக்கு... ஓ, பக்கத்துல இன்னொண்ணு போடுவீங்களா? சரி, சரி. நேயருங்க பழைய ஆளுங்க எல்லாரும் அதைத்தான் கேட்டாங்களா? எல்லாருமா? ஒருத்தர்கூட மாமியார் ஜோக்கைக் கேக்கலையா?

அவ சும்மா சிரிக்க மாட்டாம்மா. நான் இருந்தாத்தான் நடக்கும். அதுக்கு ஒரு ஆள் வேணும்ல? மெசினை நல்லாக் கிட்ட வை. பிரகாசி! இங்க வா! அடுப்பை அமத்திட்டு வா! என்ன, காபி ஆறுதா? ஆறட்டும், கொடு. உக்காரு இப்படி. இந்தப் பொண்ணு உன் சிரிப்பைப் பிடிக்க வந்திருக்கு. நீ பயப்படாதே, நான் பார்த்துக்கறேன்.

இரு, ஸ்டூலை இழுத்துக்கறேன். கேளு. ஒருத்தன் மாமியாரை ரயிலேத்தப் போனானாம். டிக்கெட் எடுத்தாச்சு, மூட்டையை ஏத்தியாச்சு... கடைசியில பார்த்தா மாமியாரு பிளாட்பாரத்துல நிக்கிறா! இவன் ரயில்ல போறான்!

...

பிரகாசி. மருமகன் போறான்டி. மாமியார் நிக்கிறா.

...

பார்த்தியா? வத்திப் போச்சு. நான்தான் சொன்னேனே. என்ன, தலையை ஏன் குனிஞ்சுக்கிறே? நீ ஒண்ணும் குத்தம் பண்ணலை. பாப்பா, நீ எழுதிக்க. சிரிப்பு கிடைக்கலைன்னாப் போவுது, இதை எழுதிக்க. நான் எழுந்து நின்னு சொல்றேன். பெரியோர்களே! கலைக்காக வாழ்ந்தவன் இந்த இன்னாசிமுத்து. கோரஸ்ல நாலாவது வரிசையில நின்ன பொண்ணு இவ. இவளை ஊருக்குத் தெரிய வச்சவன் நான். சுருக்கமாச் சொன்னா, இவளுக்குச் சிரிக்கக் கத்துக் கொடுத்ததே நான்தான்!

...என்ன சத்தம் அது?

பிரகாசி? முந்தானையை ஏன் வாயில அடைக்கிறே? நெஞ்சு வலியா? பாப்பா, தண்ணி! தண்ணி எடு... ஏய். ஏய், பிரகாசி! நான் ஜோக்கு சொல்லலைடி! உண்மையைத்தான்டி சொல்றேன்! பாரு, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி... ஏய், காபி கொட்டுது! நீயும் ஏன்மா சிரிக்கிறே? எதுத்த வீட்டுக்காரங்கள்லாம் வாசலுக்கு வந்துட்டாங்க பாரு.

தப்பான எடத்துல. அன்னைக்கும் இப்படித்தான். இவ்வளவு வருசங்கழிச்சும் தப்பான எடத்துலதான் சிரிக்கிறா.

பாப்பா, கையை எடு. மெசினை நிறுத்தாதே. ஓடட்டும்மா, நல்லா ஓடட்டும். ஐயோ, அடங்குது பாரு. பிரகாசி, இரு, அடக்காதே. மூச்சு வாங்கிக்க. நான் மறுபடியும் சொல்றேன், கேளு. உனக்குச் சிரிக்கக் கத்துக் கொடுத்ததே நான்தான்டி!